செட்டிநாட்டு வீட்டில் பேய்ப்படம்: இருட்டை எடுத்துவிட்டால் பயத்தை எங்கே வைப்பது?

(இணைய மன்றத்தில் ஓர் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நிலைவாசல்

செட்டிநாட்டு வீட்டைத் திரையில் காட்டியதுமே பார்க்கிறவர் மனசுக்குள் இரண்டு படம் ஓட ஆரம்பித்துவிடும். ஒன்று பெரிய மீசை, பெரிய பந்தி, பங்காளிச் சண்டை. இன்னொன்று பூட்டிக்கிடக்கிற வீடு, வௌவால், கிரீச்சென்று திறக்கும் கதவு, மாடியில் கொலுசுச் சத்தம். இந்த இழையில் இரண்டாவதைப் பேசலாம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீடு பிடித்துக் குறைந்த செலவில் பேய்ப்படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "வழக்கமான பேய்ப்படமா இருக்கக் கூடாது" என்றுதான் தொடங்குகிறார்கள். முடிந்து வரும்போது பார்த்தால் நீல வெளிச்சம், புகை, திடீர்ச் சத்தம், இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ளாஷ்பேக். ஏன்?

உடைக்க நினைக்கிற வழக்கம் படத்துக்குள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யாரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று வேலை செய்கிறது. கண்ணைக் கட்டிக் காதைத் திறக்கிறது. எந்த மூலையிலிருந்து வரும் என்று தெரியாமல் வைக்கிறது. கலை இயக்கத்தின் குறைகளையும் மூடிவிடுகிறது. இருட்டை எடுத்துவிட்டு அந்த மூன்று வேலையையும் வேறு ஒன்றிடம் ஒப்படைக்காவிட்டால் படம் வெறும் வெளிச்சமாகத்தான் இருக்கும், பயமாக இருக்காது.

நம்ம மண்ணோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்து 1947இல் 'நாம் இருவர்' கொடுத்த ஏவி.எம்., சென்னைக்குப் போனபின் 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 'அந்த நாள்' எடுத்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. நாயகன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான், கொன்றது யார் என்ற விசாரணைதான் படம். பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் எல்லோரும் சொல்கிறோம். பாட்டு செய்துகொண்டிருந்த வேலையை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். மூச்சு விட இடம் கொடுப்பதும், காலத்தைத் தாண்டுவதும், ஒரே ஆளை வேறு மனநிலையில் காட்டுவதும்தான் பாட்டின் வேலை. அங்கே ஒவ்வொருவர் வாக்குமூலமும் அதே ராஜனை வேறு ஆளாகக் காட்டுகிறது. ஒரு வாக்குமூலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மூச்சு விட்டுக்கொள்கிறோம். வேலை இடம் மாறியதே தவிர, காணாமல் போகவில்லை.

சரி, செட்டிநாட்டு வீட்டுக்கு வருவோம். பகலில், விளக்குப் போடாமல், ஒரு முழு நீளப் பேய்ப்படம். இருட்டின் வேலையை எதனிடம் கொடுப்பது?

உச்சிவெயில்

வெயிலிடமே கொடுக்கலாம். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குத் தனியாகப் போகாதே என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்த்தோம்? நள்ளிரவுக்கு முன்னாலேயே நம்மிடம் நண்பகல் பயம் இருந்தது. வெளியூர்ப் பேய்ப்படங்களைப் பார்த்து அதை மறந்துவிட்டோம்.

ஒளிப்பதிவுக் கணக்கைச் சொல்கிறேன். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கடிகாரத்தில் 12 மணிக்கு இல்லை, 12.15 வாக்கில். அப்போது வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) திறந்த பகுதியில் விழும் வெயில் கத்தரித்து வைத்த மாதிரி சதுரமாக இருக்கும். டிசம்பரில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தாழ்வாரத்தின் விளிம்பு தரையிலிருந்து 10 அடி என்றால் வெயில் சதுரம் ஆறரை அடி வடக்கே நகர்ந்து, வடக்குப் பக்கத் தூண்களைத் தாண்டிப் பட்டாலைக்குள் (முற்றத்தை ஒட்டிய கூடத்துக்குள்) ஏறிவிடும். ஜூனில் வடக்கிலிருந்து அடிக்கும், தெற்கே இரண்டரை அடிதான் நகரும். எந்த மாதம் படப்பிடிப்பு என்று தெரியாமல் ஷாட் பிரிக்காதீர்கள். மார்கழியில் எழுதிய ஷாட்டைச் சித்திரையில் எடுக்க முடியாது.

அந்தச் சதுரம் சும்மாவும் நிற்காது. உச்சிவேளையில் 15 நிமிடத்துக்கு 8 அங்குலம் கிழக்கே நகரும். ஒரு காட்சியை ஒரு மணி நேரம் எடுத்தால் முதல் டேக்குக்கும் கடைசி டேக்குக்கும் இரண்டரை அடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். வழக்கமாக மேலே ஸ்கிம்மர் (வெயிலை மங்கவைக்கும் துணி) கட்டி வெயிலையே கொன்றுவிடுவார்கள். இந்தப் படத்தில் அதைச் செய்யக் கூடாது. நகரும் வெயிலே பேயாக இருக்கட்டும். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், வெயில் அவர் காலை நோக்கி வருகிறது. அவர் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று பார்க்கிறவர் கேட்க ஆரம்பித்தால் போதும், இருட்டுக்கு அங்கே வேலை கிடையாது.

இன்னொன்றையும் கிட்டே போய்ப் பாருங்கள். வெயில் விழுந்த ஆத்தங்குடிக் கல் (இந்த வீடுகளின் பூவேலைத் தரைக்கல்) பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். வெளிச்சம் தரையிலிருந்து மேலே ஏறும். தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் புருவத்துக்குக் கீழேயும் வெளிச்சம், நெற்றி மங்கல். ஸ்டுடியோவில் பேய் முகத்துக்குக் கீழே விளக்கு வைப்பார்களே, அதேதான். அதோடு கல்லின் நிறமும் சேர்ந்து வரும். சிவப்புக் கல் என்றால் கழுத்தில் சிவப்பு ஏறும், பச்சை என்றால் நோயாளி மாதிரி ஆகிவிடும். படத்தின் நிறத்தைத் திருத்துகிற கலரிஸ்ட் அதைச் "சரி" செய்துவிடுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னும் கூட வேண்டுமானால் ஃப்ரேமுக்கு வெளியே ஒரு எட்டு முழ வேட்டியை வெயிலில் விரித்தால் போதும். வேண்டாம் என்றால் கறுப்புத் துணி.

தவறு எங்கே நடக்கும் என்றால் வெயிலுக்கும் பட்டாலை உள்மூலைக்கும் இருக்கிற 6, 7 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முகத்துக்கு அளந்து வைத்தால் சதுரம் வெள்ளையாக வெடித்துவிடும். கல்லின் பூவேலை முழுக்கப் போய்விடும். சதுரத்துக்கு முதலில் அளந்து, கல்லின் கோலம் தெரிகிற அளவுக்கு இறக்கிவிட்டு, முகம் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு விழட்டும் என்று விட வேண்டும். இந்த ஒரு முடிவைப் படம் முழுக்க மாற்றாமல் வைத்திருந்தாலே அது உங்கள் பாணியாகிவிடும்.

பள்ளத்தூர் ரசிகன்

வெளிச்சத்தில் பேய் என்பது புதுசில்லையே அண்ணே. 'தி ஷைனிங்' 1980இலேயே வந்துவிட்டது. ஓட்டல் தாழ்வாரம் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஸ்டெடிகேம் (ஆள் உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஆடாத கேமரா) சின்னப் பையன் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்குப் பின்னாலேயே தரையோடு தரையாகப் போகும்.

ஓசைக்காரன்

ரசிகன் தம்பி சொன்ன அதே காட்சியைக் காதால் கவனியுங்கள். வண்டிச் சக்கரம் மரத்தரையில் போகும்போது கடகடவென்று சத்தம். கம்பளத்தில் ஏறியதும் சட்டென்று அடங்கும். மறுபடி மரம், மறுபடி கம்பளம். எதுவும் நடக்கவில்லை, ஆனால் அடுத்த திருப்பத்துக்குள் நம் தோள் இறுகிவிடுகிறது. கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதைத் திறந்துவிட்டார்கள். நிலைவாசல் அண்ணன் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்.

நம்ம வீட்டில் இதற்கு இன்னும் நல்ல கருவி இருக்கிறது. முகப்புத் திண்ணையில் பேசினால் தெருவோடு கலந்துபோகும். வளவில் மேலே திறந்திருப்பதால் குரல் மெலியும். கல் பதித்த பட்டாலையில் முழங்கும். மரக்கூரை தாழ்ந்த உள்ளறையில் செத்துப்போகும். ஒரே ஆள் ஒரே வசனத்தைப் பேசிக்கொண்டே முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நடந்தால் நாலு குரல் கிடைக்கும். இதை டப்பிங்கில் அழித்துவிட்டு ஆர்ஆரில் (பின்னணி இசையில்) வயலின் போடுகிறோம். மனசு வலிக்கிறது.

எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன். சிங்க் சவுண்டுதான், அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்வது. பூம் மைக் தலைக்கு மேலே ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் வசனத்தைவிடச் சுவர்ச் சத்தம் பெரிதாகிவிடும். எதிர்ச்சுவர் 28 அடிக்கு மேல் தள்ளி இருந்தால் போய்த் திரும்பும் ஒலி 50 மில்லி செகண்டைத் தாண்டும், அப்போது எதிரொலி தனியாகக் கேட்கும். பெரிய வீட்டுப் பட்டாலைகளில் நீளவாட்டில் இது சாதாரணம். கேமராவுக்குப் பின்பக்கம் ஜமுக்காளமோ பஞ்சு மெத்தையோ நிறுத்தி வைத்தால் அடங்கும். எல்லாப் பக்கமும் மூடிவிடாதீர்கள். மூடினால் அது எந்த ஊர் வீடு என்றே தெரியாது.

ஒவ்வொரு கட்டிலும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நிமிடம் வெறும் அறை ஓசையைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு பலூனை உடைத்து அதன் முழக்கம் முழுசாக அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். பின்னால் ஏதாவது வசனத்தை டப்பிங்கில் மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பலூன் பதிவை வைத்து அதே அறையின் முழக்கத்தை ஏற்ற முடியும். நான்கு கட்டுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலைதான்.

கதைக்கு வருகிறேன். படத்தின் முதல் 20 நிமிடத்தில் எந்த அறை எப்படி ஒலிக்கும் என்று பார்க்கிறவர் காதுக்குப் பழக்கிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை, உள்ளறையில் நிற்கிற பெண் பேசும்போது அவள் குரல் பட்டாலைக் குரலாகக் கேட்கட்டும். திடீர்ச் சத்தம் வேண்டாம், வயலின் வேண்டாம். ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது.

கல்லுக்கால் ஆச்சி

எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பிகளா. வீட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா முதல் நாளே வீட்டுக்காரங்க நிறுத்தச் சொல்லிடுவாங்க.

ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடி மேல வார்த்து எடுக்கிறது. அதான் அந்த மழமழப்பு. சூளையில சுட்டது கிடையாது, தண்ணியில ஊறி வெயில்ல காஞ்சது. மேல இருக்கிற நிறம் மெல்லிசு. ட்ராலித் தண்டவாளத்தை நேரா வச்சீங்கன்னா கீறல் விழும், அது போகவே போகாது. அடியில ஜமுக்காளம், அதுக்கு மேல பிளைவுட், அதுக்கு மேலதான் தண்டவாளம். நடிகர் நிக்கிற இடத்தைக் குறிக்க டேப்பு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க, பசை கல்லுல ஏறிடும். ஆசிட் ஊத்தித் தேய்ச்சா கல்லே செத்துடும். சாக்பீஸ் போதும், ஈரத்துணியில போயிடும்.

சுண்ணாம்புச் சுவர்ல ஆணி அடிக்கவே கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேத்தின பூச்சு அது. ஒரு இடத்துல பேந்தா அதே மாதிரி ஒட்டுப்போட ஆள் கிடைக்கிறது கஷ்டம். பர்மாத் தேக்குத் தூண்ல கிளாம்ப் மாட்டறதா இருந்தா நாலு மடிப்புத் துணி சுத்தி மாட்டுங்க.

புகை மெஷினும் வேண்டவே வேண்டாம். அது கல்லுல எண்ணெய்ப் படலம் மாதிரி படியும். காலையில வெறுங்காலோட வர்றவங்க வழுக்கி விழுவாங்க.

வெட்டுமேசை

ஆச்சி சொன்னதை அப்படியே ஒரு தாளில் எடுத்து லொக்கேஷன் மேனேஜர் கையில் கொடுக்க வேண்டும். புகை போய், ட்ராலிக்கும் கிளாம்புக்கும் இவ்வளவு கட்டுப்பாடு என்றால் பாணிக்கு என்ன மிஞ்சும் என்று பயப்பட வேண்டியதில்லை. அசையாத கேமராவை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்யலாம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஒசு பின்னாளைய படங்களை ஏறக்குறைய முழுவதும் 50 எம்எம் லென்ஸில், கேமராவைத் தரையை ஒட்டி வைத்து எடுத்தார். ஜப்பானிய வீட்டில் பாயில் உட்காருகிறார்கள், கேமராவும் உட்கார்ந்தது. நம் பட்டாலையிலும் தரையில்தான் உட்காருகிறோம். ஆனால் அவர் உயரத்தை அப்படியே நகல் எடுத்தால் அது அவர் பாணியாகத்தான் இருக்கும். நம் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று பாருங்கள். திண்ணையில் ஐயா, நிலைப்படியில் ஆச்சி, தரையில் பிள்ளைகள். இந்தப் படத்தில் கேமரா எந்த ஆளின் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது? அந்த ஆள் யார் என்று கடைசிவரை சொல்லவே வேண்டாம். உயரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நிலைப்படியில் உட்கார்ந்த ஒருவரின் கண் உயரம் இரண்டரை அடி என்றால் படம் முழுக்க இரண்டரை அடி. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது முக்கால் மணி நேரத்தில் தானாக உறைக்கும்.

எடிட்டிங் கணக்கையும் பாருங்கள். 100 நிமிடப் படத்தில் சராசரி ஷாட் 5 விநாடி என்றால் 1,200 ஷாட். 20 விநாடி என்றால் 300. 20 நாள் கால்ஷீட்டில் ஒரு நாளைக்கு 15 ஷாட், வெயிலை நம்பி எடுக்க இதுதான் சரியான வேகம். ஆனால் நீள ஷாட்டில் நடிப்பு ஒரு இடத்தில் சறுக்கினால் ஒளித்துவைக்க வேறு ஷாட் கிடையாது. அதனால் பலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று குளோஸப் எடுத்து வைப்பார்கள். எடுத்து வைத்தால் எடிட்டிங் மேசையில் அது உள்ளே வந்துவிடும், தயாரிப்பாளர் கேட்பார். படத்தின் பாணி போவது பெரும்பாலும் இந்த "எதற்கும் இருக்கட்டும்" ஷாட்டில்தான். குளோஸப்பை எடுக்காதீர்கள், அதற்குப் பதில் ஒத்திகைக்கு நாள் கேளுங்கள். உச்சிவெயில் இல்லாத காலை 7 முதல் 10 வரை ஒத்திகை, 11 முதல் 2 வரை படப்பிடிப்பு.

பள்ளத்தூர் ரசிகன்

கேமரா நகராது, குளோஸப் கிடையாது, பாட்டு கிடையாது, திடீர்ச் சத்தம் கிடையாது, இருட்டு கிடையாது. இத்தனையும் எடுத்துவிட்டால் தியேட்டரில் யார் உட்காருவார்கள்? எல்லாவற்றையும் ஒன்றாக உடைத்தால் பார்க்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இருக்காதே.

நிலைவாசல்

தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் படம் எடுக்கக் கூடாது.

1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வில் நாயகியைப் படம் பாதியைத் தொடும் முன்பே கொன்றார். பார்க்கிறவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆளை எடுத்துவிட்டார். உடனே என்ன செய்தார்? ஒருவன் ரத்தத்தைக் கழுவுவதை, துடைப்பதை, உடலைக் காரில் ஏற்றிச் சதுப்பில் தள்ளுவதைப் பொறுமையாகக் காட்டினார். கார் பாதி முழுகி நின்றுவிடுகிறது. "ஐயோ, முழுகாமல் நின்றுவிட்டதே" என்று நமக்கே தோன்றுகிறது. அந்த நொடியில் நம் பிடி அவன் பக்கம் போய்விட்டது. மற்ற எல்லாம் திகில் படத்தின் பழைய வழக்கம்தான். தனி வீடு, துப்பறிபவர், கடைசியில் விளக்கம். பெரியதை ஒன்று உடைத்தார், மற்றவற்றைத் தாங்குவதற்கு விட்டுவைத்தார்.

நம் படத்திலும் அப்படி ஒரு கம்பி வேண்டும். என் யோசனை, கேள்வி மட்டும் பழைய பேய்ப்படக் கேள்வியாகவே இருக்கட்டும்: இந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்தது? அது முதல் 10 நிமிடத்திலேயே தெளிவாகக் கேட்கப்பட வேண்டும். நேர்கோட்டில் கதை போகட்டும். இடைவேளையும் அதன் இடத்தில் இருக்கட்டும். உடைப்பது இருட்டையும் ஃப்ளாஷ்பேக்கையும் மட்டும்.

பித்தளை

ஃப்ளாஷ்பேக்கைத் தொட்டதற்கு நன்றி. இரண்டாம் பாதியில் 15 நிமிடம் பழைய காலத்தைக் காட்டி, அநியாயம் நடந்தது, அதனால் ஆவி என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தில் பயம் முடிந்து பரிதாபம் தொடங்குகிறது. அது செய்யும் வேலை காரணம் சொல்வது. அந்த வேலையைச் சாமான்களிடம் கொடுங்கள்.

கல்யாணச் சீராக வந்த பித்தளை, வெண்கலச் சாமான்களில் பெயரை வெட்டி வைப்பது நம்ம பக்கம் வழக்கம். புள்ளி புள்ளியாக உளியால் குத்திய எழுத்து. ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவளின் கதை அந்தச் சாமான் அறையில்தான் இருக்கிறது. எத்தனை பாத்திரம் வந்தது, யார் பெயரில் வந்தது. அதை மூன்று முறை காட்டுங்கள். முதல் முறை அடுப்படியில் ஒரு குடம், பெயர் வெட்டியிருப்பது தெரியும், படிக்க முடியாது. இரண்டாம் முறை அதே குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறார்கள், இரண்டு எழுத்து மட்டும் வெயிலில் மின்னுகிறது. மூன்றாம் முறை வேறொரு பாத்திரத்தில் அதே இடத்தில் பெயரைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள், அதன் மேல் வேறு பெயர் வெட்டியிருக்கிறது. யாரும் ஒரு வசனமும் பேச வேண்டாம். இந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். மற்றவருக்கு, ஒரு பெயரை அழித்திருக்கிறார்கள் என்ற அளவுக்குக் கட்டாயம் புரியும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது: பழைய பாத்திரத்தில் உண்மையாகத் தேய்க்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் பெயர். பாத்திரக் கடையில் புதியது வாங்கி, பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து வெட்டிக்கொண்டு, உப்புத்தாள் போட்டு அழித்துவிட்டு, மறுபடி வெட்டச் சொல்லுங்கள். புதுப் பித்தளை மஞ்சளாகப் பளபளக்கும், கேமராவில் பொய்யாகத் தெரியும். அதனால் ஒரு மாதம் முன்பே வாங்கி, புளித்தண்ணீர் தடவி, கழுவாமல் காற்றாட வைத்து நிறம் மங்கட்டும். எழுத்து தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். நேர்வெளிச்சத்தில் புள்ளியின் பள்ளம் தெரியாது.

உச்சிவெயில்

பித்தளை சொன்ன சாய்ந்த வெளிச்சத்துக்கு ஒரு நேரம் இருக்கிறது. கிழக்கு பார்த்த வீட்டில் நிலைவாசல்கள் நேர்கோட்டில் இருந்தால், மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர் கிழக்கில் எழும்போது வெளிச்சம் வாசல் வழியாக உள்ளே ஓடும். 7 அடி வாசல் என்றால் சூரியன் 5 டிகிரி ஏறியபோது 80 அடி உள்ளே போகும். 10 டிகிரியில் 40 அடிதான். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 20 நிமிடம். மூன்றாம் முறைப் பாத்திரத்தை இந்த 20 நிமிடத்தில் எடுங்கள், படத்தில் ஒரே ஒரு காலை வெளிச்சம் அதுவாக இருக்கட்டும். முந்தின நாளே போய் நின்று பார்த்துவிடுங்கள். எதிர்வீட்டு மாடியோ மதிலோ மறைத்தால் சூரியன் அதைத் தாண்டி ஏறுவதற்குள் 10 டிகிரியும் போயிருக்கும்.

பள்ளத்தூர் ரசிகன்

புரிந்தது அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம். தரைக்கல்லை வைட் ஷாட்டில் எடுத்துப் பார்த்தால் தூரத்துப் பூவேலை எல்லாம் நெளிகிற மாதிரி தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

வெட்டுமேசை

அது மோயரே. பூவேலையின் கோடும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது. கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், லென்ஸை ஒரு படி மாற்றுங்கள், அல்லது லென்ஸ் முன் மெல்லிய டிஃப்யூஷன் ஃபில்டர் போடுங்கள். சின்ன மானிட்டரில் தெரிகிற நெளிவு சில சமயம் மானிட்டருடையது, ஃபுட்டேஜில் இருக்காது. சில சமயம் மானிட்டரில் தெரியாமல் ஃபுட்டேஜில் இருக்கும். அதனால் முதல் நாள் எடுத்ததைப் பெரிய திரையில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பதிவானபின் டிஐயில் (நிறம் திருத்தும் கட்டத்தில்) சுத்தமாக எடுக்க முடியாது.

கல்லுக்கால் ஆச்சி

கல்லு பளபளக்கணும்னு படப்பிடிப்புக்கு முந்தின ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிடாதீங்க தம்பி. நாலு நாள் முன்னாடியே தடவி, துணியால இழுத்துத் துடைச்சு விட்டுடுங்க. இல்லேன்னா அந்த வெயில் சதுரத்துல ஒவ்வொரு காலடித் தடமும் தெரியும்.

நிலைவாசல்

ஆச்சி, காலடித் தடம் தெரியும் என்றீர்களே. அப்படியென்றால் ஒரே ஒரு ஷாட்டுக்கு மட்டும் முந்தின ராத்திரியே தடவச் சொல்ல வேண்டியதுதான். வெயில் சதுரம் நகர நகர, ஆள் யாரும் நடக்காத இடத்தில் ஒரு தடம் தெரிய ஆரம்பிக்கட்டும்.